சட்டை எண்ணும் வாரிசும்

கால்பந்தில் சட்டை எண் ஆதியில் ஆடும் இடத்தையே குறித்தது. 7 என்றால் வலது ஓரம். மான்செஸ்டர் யுனைடெட் கழகத்திலோ அது பட்டமாகிவிட்டது! 1968இல் ஐரோப்பியக் கோப்பையை வென்ற நாளில் ஜார்ஜ் பெஸ்ட் அணிந்தது அதுதான். பின்னர் ராப்சன், கன்டோனா, பெக்காம். 2003இல் வந்த 18 வயது ரொனால்டோ, தம் பழைய 28ஐத்தான் கேட்டார். பயிற்சியாளர் பெர்குசன் 7ஐக் கொடுத்தார். சட்டைக்கேற்ப வாலிபர் வளர்ந்தார். 2014இல் அதையே அணிந்த டி மரியாவோ ஓராண்டில் விடைபெற்றார்.

நம் நாட்டுக் கிரிக்கெட்டில் வழக்கம் வேறு. 2017இல் கொழும்பில் ஷர்துல் தாக்குர், டெண்டுல்கரின் 10ஐ அணிந்து ஆடினார். ரசிகர்கள் சீறினர், அவர் 54க்கு மாறினார். 10 பெட்டிக்குள் போயிற்று. 2023இல் தோனியின் 7உம் போயிற்று. மரியாதைதான், மறுக்கவில்லை. ஆனால் நண்பர்களே, சித்தூரிலோ திருப்பதியிலோ இன்று மட்டை பிடிக்கும் சிறுவன் அந்த எண்ணை என்று அணிவான்?