சாரல் மண்ணில் ஜாக்கி

சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசி, குற்றாலம், செங்கோட்டைப் பட்டறைகளில் மெக்கானிக்குகளுக்குச் சாப்பிட நேரம் இருக்காது. திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலையில் ராஜபாளையம் பக்கமிருந்தும் ஆரியங்காவு பக்கமிருந்தும் வண்டிகள் வந்துகொண்டே இருக்கும். "அண்ணாச்சி, ஐந்தருவியில கூட்டம் சேருறதுக்குள்ள போகணும், சீக்கிரம் முடிச்சு விடுங்க" என்று பக்கத்திலேயே நிற்பார்கள். பட்டறை விபத்துகள் பலவும் இந்த அவசரத்தில் பிறப்பவைதான். வேலை தெரியாதவர் மட்டுமல்ல, கை பழகியவரும் இதில் அடிபடுகிறார்.

முதல் எதிரி ஜாக்கி. காரோடு வரும் ஜாக்கி, டயர் மாற்ற மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கக் கூடாது. குற்றாலம் சாலையோரத்தில் சாரலில் ஊறிய மண் மேலே கெட்டியாகத் தெரியும். பாரம் ஏறியதும் ஜாக்கியின் அடித்தகடு ஒரு பக்கமாக மெல்ல அமுங்கும். வண்டி ஒரு விரல்கடை சாய்ந்தால் போதும், ஜாக்கி சரிந்துவிடும். சின்னக் கார்கூட முக்கால் டன் வரும். ஜாக்கிக்கு அடியில் கனமான பலகை, எதிர்ச் சக்கரத்துக்குக் கல், கழற்றிய சக்கரம் வண்டியின் அடிவிளிம்புக்குக் கீழே. இதற்கு இரண்டு நிமிஷம் போதும். பட்டறையாக இருந்தால் வண்டியைத் தாங்க ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் அடியில் போக வேண்டும். தொழில் பழகும் பையன்களுக்கு ஸ்பேனர் சைஸ் சொல்லித் தருவதற்கு முன்னால் இதைச் சொல்லித் தர வேண்டும் என்பேன்.

மலையேறி வந்த வண்டி கொதித்து நின்றால், உடனே ரேடியேட்டர் மூடியில் கை வைக்கிறார்கள். மூடிக்குள் சுமார் 1 பார் அழுத்தம் இருக்கும். அந்த அழுத்தத்தில் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரி வரை கொதிக்காமல் அடங்கிக் கிடக்கும். மூடியைத் திருகிய நொடியில் கொதிநீரும் ஆவியும் பொங்கி முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

புளியரை மலைச்சாலை வளைவுகளில் இறங்குவோர் பிரேக் ஆயிலை மறக்கவே கூடாது. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி. ஈரம் ஏறிவிட்டால் 140 வரை இறங்கிவிடும். இறக்கம் முழுக்க பிரேக்கை மிதித்தே வந்தால் ஆயில் கொதித்துக் குமிழி கட்டும், மிதி தரைவரை போகும். பாதி திறந்து கிடந்த பழைய டப்பாவிலிருந்து ஊற்றினால் இந்த ஆபத்தை நாமே உள்ளே ஊற்றுகிறோம்.

பேட்டரி வேலையில் மோதிரம், காப்பு, வாட்ச் மூன்றும் கழற்றப்பட வேண்டும். 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்பது உண்மைதான். ஆனால் ஸ்பேனர் பிளஸ்ஸையும் பாடியையும் ஒருசேரத் தொட்டால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாயும். இடையில் மோதிரம் சிக்கினால் பழுத்துவிடும். மைனஸை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டினால் இந்தப் பயம் இல்லை.

கழற்றிய சக்கரத்தை மாட்டும்போது வீல் நட்டை நட்சத்திர வரிசையில் முறுக்கி, 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை பார்ப்பது அவசியம்.

சாரல் சீசனுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பட்டறையில் வண்டியை விட்டால் மெக்கானிக்கை விரட்டாதீர்கள். அவர் ஸ்டாண்ட் எடுத்துவரப் போகும்போது "இதுக்கு எதுக்கு அண்ணாச்சி அதெல்லாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.