பொறுப்பு உண்டு, சம்பளம் இல்லை!

சர்க்கார் காரியாலயங்களில் மேலதிகாரி மாற்றலாகிப் போனால், கீழேயுள்ள ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கிறார்கள். பதவிப் பெயருக்கு அடுத்து ‘பொறுப்பு’ என்ற சொல் ஏறுகிறது. புதியவர் வருவார், வருவார் என்று வருஷங்கள் ஓடுகின்றன. தவறு நேர்ந்தால் விளக்கம் கேட்டுக் கடிதம் வருவது பொறுப்புக்காரருக்குத்தான். சம்பளப் பட்டியலில் மட்டும் அவர் பழைய ஆசாமியே!

இதற்கு ஆதாரமான ‘அடிப்படை விதிகள்’ 1922 ஜனவரி முதல் தேதி பிரிட்டிஷார் அமலுக்குக் கொண்டுவந்தவை. சுதந்திர இந்தியாவின் மத்திய சர்க்கார் அவற்றைத் திருத்தித் திருத்தி இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறது. 49-ஆவது விதியின்படி, இன்னொரு பதவியின் முழுப் பொறுப்பையும் முறையாக ஒப்படைத்தால், சில நிபந்தனைகளுடன் கூடுதல் சம்பளம் உண்டு. ‘அன்றாட அலுவல்களை மட்டும் கவனித்துக்கொள்க’ என்று எழுதிவிட்டாலோ, எத்தனை காலமானாலும் ஒரு காசு கிடையாது. இவ்விரண்டில் எந்த வாசகம் இலாகாக்களுக்குப் பிரியமானது என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

நல்லவேளையாக, சுப்ரீம் கோர்ட்டு இவ்விஷயத்தில் நியாயத்தின் பக்கம் நின்றிருக்கிறது. ஹரியானாவில் ஓர் அம்மையாரை ஜில்லாக் கல்வி அதிகாரியாக ‘ஆக்டிங்’ நியமனம் செய்து, சம்பளம் மட்டும் பழையதே என்றார்கள். அந்தப் பதவிக்குரிய சம்பளத்தைக் கொடுக்கும்படி 1983-ல் தீர்ப்பாயிற்று. அந்தமானில் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர் ஒருவர் 1992 முதல் 1995 வரையில் சாரணர் இயக்கக் காரியதரிசியின் வேலையைப் பார்த்தார். ‘இது பதவி உயர்வு அல்லவே!’ என்றது நிர்வாகம். உயர்வு அல்லதான், ஆனாலும் வாங்கிய வேலைக்குரிய கூலியைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றது கோர்ட்டு, 1998-ல். அதே வருஷம் சண்டிகார் வழக்கொன்றில், ‘தற்காலிக உயர்வைக் காட்டி உரிமை கோரமாட்டேன்’ என்று ஊழியரிடம் முன்கூட்டியே எழுதி வாங்கும் வாக்குறுதி சட்டப்படி செல்லாது என்றும் கூறியது.

ஆயினும் தீர்ப்பின் பயன் பெரும்பாலும் வழக்காடியவருக்கே போய்ச் சேருகிறது. அடுத்த அறையில் அதே நிலையில் இருப்பவர் தாமும் வக்கீலைத் தேட வேண்டியிருக்கிறது. மேலதிகாரியைப் பகைத்துக்கொள்வானேன், ஓய்வு பெற்ற பின் பார்த்துக்கொள்வோம் என்று பொறுத்திருப்போரும் பலர். அவர்கள் 2008-ஆம் வருஷத் தீர்ப்பொன்றைத் தெரிந்துகொள்வது அவசியம். மாதா மாதம் தொடரும் இத்தகைய குறைகளில், மனுச் செய்த நாளுக்கு முந்திய மூன்று வருஷ பாக்கிக்கு மேல் சாதாரணமாகக் கிடைக்காது என்கிறது அது. ஆகவே, பொறுப்பு உத்தரவு கைக்கு வந்தவுடன் அதன் வாசகத்தைப் படித்துப் பார்த்து, சம்பளத்தையும் அப்போதே எழுத்து மூலம் கேட்டு, நகலை வீட்டில் பத்திரப்படுத்தி வைப்பது நல்லது.