அப்பத்தா அனுப்பிய திறந்த பூட்டு!

குட்டீஸ்... செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்திருக்கிறீர்களா? காரைக்குடி பக்கத்தில் கல்லல் போன்ற ஊர்களில், வேலைப்பாடு மிக்க தேக்குக் கதவும், உறுதியான பூட்டும் இருக்கும். மொபைல் போனில் அனுப்பும் செய்திக்கு யார் பூட்டுப் போடுவது? கணக்குதான்!

ஒரு கற்பனை... கல்லலில் இருக்கும் அப்பத்தாவுக்கு, சென்னையில் இருந்து பேரன் ஒரு ரகசியக் கடிதம் அனுப்ப வேண்டும். பெட்டியைப் பூட்டி அனுப்பினால், சாவியையும் அனுப்ப வேண்டுமே! வழியில் யாராவது எடுத்துக் கொண்டால்?

அழுத்தினால் பூட்டிக்கொள்ளும் பூட்டு ஒன்றை, திறந்தபடியே பேரனுக்கு அனுப்புகிறார் அப்பத்தா. சாவி, அவரது சுருக்குப் பையில்! பேரன் கடிதத்தைப் பெட்டியில் வைத்து, 'டக்'கென்று பூட்டி அனுப்புகிறான். இனி, அவனாலேயே அதைத் திறக்க முடியாது. அப்பத்தாவால் மட்டுமே முடியும்.

இதைக் கணக்கில் செய்யும் வழியை, 1977ல் கண்டுபிடித்தனர், ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மேன் என்ற மூவர். பூட்டு, ஒரு பெரிய எண். அதை உருவாக்கிய இரண்டு பகா எண்கள்தான் சாவி. ஒன்றாலும், தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும் எண், பகா எண்.

83ஐ 97ஆல் பெருக்குங்கள். விடை, 8,051. ஒரு நிமிட வேலை! இப்போது நண்பனிடம், '8,051 எந்த இரு எண்களின் பெருக்கல்?' என்று கேளுங்கள். தலையைச் சொறிவான். இணையத்தில் பரவலாகப் பயன்படும் எண்ணுக்கோ, 617 இலக்கங்கள்!

கான்பூர் ஐ.ஐ.டி.,யில், 2002ல் ஒரு சாதனை நடந்தது. ஓர் எண் எவ்வளவு பெரியதானாலும், அது பகா எண்ணா, இல்லையா என்று சந்தேகமின்றி விரைவாகச் சொல்லும் வழியைக் கண்டுபிடித்தனர், பேராசிரியர் மணீந்திர அகர்வாலும், மாணவர்கள் நீரஜ் கயல், நிதின் சக்சேனாவும்.

'ஐயோ... பூட்டு உடைந்ததா?' என்று பயப்படாதீர்கள். பகா எண்ணா என்று பார்ப்பது வேறு. பெரிய எண்ணைப் பிரிப்பது வேறு. நாம் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் விரைவாகப் பிரிக்கும் வழி, இன்னும் கிடைக்கவில்லை. அப்படி ஒரு வழியே இல்லை என்றும் யாரும் நிரூபிக்கவில்லை. நாளை, அதை நிரூபிப்பது நீங்களாகக் கூட இருக்கலாம்!

அதுவரை ஒன்றை நினைவில் வையுங்கள். பூட்டு எவ்வளவு உறுதியானாலும், சாவியைக் கொடுத்துவிட்டால் என்ன பயன்? 'பேங்கில் இருந்து பேசுகிறோம்... ஓ.டி.பி., சொல்லுங்கள்' என்று யாராவது கேட்டால், அப்பத்தாவை நினைத்துக் கொள்ளுங்கள். அவர், யாரிடமாவது சுருக்குப் பையைக் கொடுப்பாரா என்ன?