பெயரில் ‘ஜீரோ’, பாட்டிலுக்குள் எவ்வளவு? ஆல்கஹால் இல்லாத பீர் வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

கோவையில் இருந்து வாளையாறு வழியாக பாலக்காடு, தேனியில் இருந்து போடிமெட்டு வழியாக மூணாறு. வார இறுதி ட்ரிப் என்றாலே நம்மில் பலருக்கு இந்த இரண்டு ரூட்தான். நான்கு பேர் போனால் ஒருவர் வண்டி ஓட்டியாக வேண்டும். அந்த ஒருவரை குறிவைத்துத்தான் ‘0.0’ என்று எழுதிய பாட்டில்கள் சூப்பர் மார்க்கெட்டிலும் ஆன்லைனிலும் வரிசை கட்டுகின்றன. இதைக் குடித்துவிட்டு ஸ்டியரிங் பிடிக்கலாமா? ‘லைட் பீர்தானே’ என்று ஒன்று குடித்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

0.0, 0.5, லைட்: என்ன வித்தியாசம்?

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் மதுபான விதிமுறைகள் 2018-ல் வந்தன, 2019 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கின்றன. அதன்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் அது மதுபானம். 5 சதவீதம் வரை சாதாரண பீர். அதற்கு மேல் 8 சதவீதம் வரை ‘ஸ்ட்ராங்’.

அதாவது ‘ஆல்கஹால் இல்லாதது’ என்ற பெயரில் வரும் பானத்தில் 0.5 சதவீதம் வரை இருக்க வாய்ப்பு உண்டு. ‘0.0’ என்று போட்டிருந்தால் 0.05 சதவீதத்துக்கும் கீழ் என்று எடுத்துக்கொள்ளலாம். ‘லைட்’, ‘மைல்டு’ என்ற வார்த்தைகளை மட்டும் நம்பாதீர்கள். அவை சுவையையோ கலோரியையோ குறிக்கலாம். பாட்டிலைத் திருப்பி சதவீதத்தைப் பாருங்கள்.

கணக்கு போட்டால் தெரியும்

பாட்டிலின் அளவை சதவீதத்தால் பெருக்கினால் போதும், உள்ளே போகும் சுத்த ஆல்கஹால் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

- ஸ்ட்ராங் பீர் (650 மி.லி., 8 சதவீதம்): 52 மி.லி.
- சாதாரண பீர் (650 மி.லி., 5 சதவீதம்): 32.5 மி.லி.
- பிராந்தி ஒரு லார்ஜ் (60 மி.லி., 42.8 சதவீதம்): சுமார் 25.7 மி.லி.
- 0.5 சதவீத பீர் (330 மி.லி.): 1.65 மி.லி.
- 0.0 பீர் (330 மி.லி.): 0.2 மி.லி.க்கும் குறைவு

முதல் வரியையும் மூன்றாவது வரியையும் பாருங்கள். ‘நான் பீர் மட்டும்தான்’ என்று சொல்லி ஒரு ஸ்ட்ராங் பாட்டிலை முடிப்பவர் இரண்டு லார்ஜ் பிராந்தி அடித்திருக்கிறார். அதே அளவு ஆல்கஹாலுக்கு 0.5 சதவீத பீர் 31 பாட்டிலுக்கு மேல் குடிக்க வேண்டும்.

ஆல்கஹாலை எப்படி எடுக்கிறார்கள்?

இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வழக்கம்போல பீரைத் தயாரித்துவிட்டு ஆல்கஹாலைப் பிரிப்பது. ஆல்கஹால் கொதிப்பது 78 டிகிரியில். அந்தச் சூட்டில் பீரின் வாசனையும் போய்விடும். அதனால் காற்றழுத்தத்தைக் குறைத்து, சுமார் 40 டிகிரியிலேயே ஆவியாக்கி எடுக்கிறார்கள். மெல்லிய சவ்வு வழியாக வடிகட்டும் முறையும் இருக்கிறது. நம் வீட்டு ஆர்ஓ வாட்டர் ஃபில்டரின் அதே தத்துவம்தான்.

இரண்டாவது வழி, நொதித்தலைப் பாதியில் நிறுத்துவது, அல்லது மால்ட் சர்க்கரையைச் சரியாகச் சாப்பிடத் தெரியாத ஈஸ்ட்டைப் பயன்படுத்துவது. இதில் செலவு குறைவு. ஆனால் சர்க்கரை மிஞ்சிவிடும். சில ஜீரோ பீர்கள் ஹார்லிக்ஸ் தண்ணீர் மாதிரி இருக்கிறதே என்று தோன்றியிருந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

சரி, எதை எடுக்கலாம்?

பீர் சுவைதான் வேண்டும் என்றால், தயாரித்த பிறகு ஆல்கஹால் நீக்கப்பட்ட வகையைத் தேடுங்கள். ஹைனெகன் 0.0, பட்வைசர் 0.0 இந்த ரகம். கிங்ஃபிஷர் ராட்லர், கூல்பெர்க் போன்றவை பழச்சுவை சேர்த்த மால்ட் பானங்கள். வெயிலுக்கு நன்றாக இருக்கும், ஆனால் பீரை எதிர்பார்த்து குடித்தால் ஏமாற்றம்தான்.

வாங்கும் முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். 100 மி.லி.க்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று லேபிளில் இருக்கும். இரண்டு பிராண்டுகளை ஒப்பிட்டு குறைவானதை எடுங்கள். தயாரிப்புத் தேதி புதிதாக இருக்கட்டும். பழசாகிவிட்டால் அதை மறைக்க ஆல்கஹாலின் காட்டம்கூட இதில் இல்லை. வெயில் படும் ஷெல்ஃபில் நிற்கும் பச்சை பாட்டிலைத் தவிருங்கள். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸ் கெட்டு நாற்றம் வரும். கேன் என்றால் இந்தப் பிரச்னையே இல்லை.

2, 3 சதவீத பீர் ஏன் கிடைப்பதில்லை?

வெளிநாடுகளில் சகஜமாகக் கிடைக்கும் இந்த நடு ரகம் நம்மூரில் அபூர்வம். பல மாநிலங்களில் பீருக்கான வரி, உள்ளே இருக்கும் ஆல்கஹாலை அளந்து போடப்படுவதில்லை. லிட்டர் கணக்கில் அல்லது விலைக் கணக்கில்தான் போடப்படுகிறது. கிட்டத்தட்ட அதே விலைக்கு அதிக போதை என்றால் வாங்குபவர் எதை எடுப்பார்? இந்தியாவில் விற்கும் பீரில் பெரும்பங்கு ஸ்ட்ராங் ரகமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஜீரோ பீருக்கு வேறொரு சிக்கல். மது ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கிறது. மது இல்லாத பீரோ ஜிஎஸ்டிக்கு உள்ளே. 18 சதவீதமாக இருந்த இதன் வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம்.

எல்லை தாண்டினால் என்ன மாறும்?

தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது போதும். கேரளத்தில் 23. மாதத்தின் முதல் தேதி பெவ்கோ கடைகள் திறக்காது. தமிழ்நாட்டில் 1987 முதல் தடையில் இருக்கும் கள், அங்கே சட்டப்படி விற்கப்படுகிறது. பாலக்காட்டின் சித்தூர் பகுதிதான் கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் அனுப்புகிறது.

‘கள் லேசான சரக்கு’ என்ற நினைப்பு ஆபத்தானது. இறக்கிய சில மணி நேரத்திலேயே 4 சதவீதத்தைத் தொடும், நேரம் ஆக ஆக ஏறும். எனவே வண்டி ஓட்டுபவருக்கு சாதாரண பீரும் கள்ளும் ஒன்றுதான். ஆல்கஹால் இல்லாமல் அதே மரத்தின் சுவை வேண்டுமா? பானையில் சுண்ணாம்பு தடவி, நொதிக்கவிடாமல் இறக்கும் பதநீர் இருக்கிறது. ஜீரோ பீருக்கு நம் முன்னோர் கண்ட பதில்.

பாலக்காட்டுத் தண்ணீர்

கஞ்சிக்கோட்டில் ஏற்கெனவே பீர் ஆலை இருக்கிறது. பக்கத்து எலப்புள்ளியில் மதுபான ஆலைக்கு கேரள அமைச்சரவை 2025 ஜனவரியில் கொள்கை ஒப்புதல் தந்தபோது, முதலில் எழுந்த கேள்வி தண்ணீர் பற்றியதுதான். 2004-ல் மூடப்பட்ட பிளாச்சிமடை கோக கோலா ஆலையும் இதே மாவட்டத்தில்தான் இருந்தது. ஒரு லிட்டர் பீருக்கு நல்ல ஆலையிலும் 3 முதல் 4 லிட்டர் தண்ணீர் ஆகும். ஆல்கஹாலை நீக்குவதால் இந்தத் தேவை குறையாது. அது கூடுதலாக ஒரு வேலை, அவ்வளவுதான்.

ஊதச் சொன்னால் மாட்டுவோமா?

100 மி.லி. ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால் மோட்டார் வாகனச் சட்டப் பிரிவு 185 பாயும். முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். 0.0 பீர் இந்த அளவுக்குப் பக்கத்தில்கூட போகாது. ஆனால் கருவி அளப்பது மூச்சை. 2025 ஜூலையில் கேரளத்தின் பந்தளம் டெப்போவில் பலாப்பழம் சாப்பிட்ட அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் ஊதியபோது, கருவி ‘ஆல்கஹால்’ என்று காட்டியது. வாயில் தங்கிய மிச்சம்தான் காரணம். எனவே 0.5 சதவீத பானம் குடித்தால் வாயைக் கொப்பளித்து, 15 நிமிடம் கழித்துக் கிளம்புங்கள்.

யாருக்கு இது வேண்டாம்?

கர்ப்பிணிகள் 0.5 ரகத்தைத் தவிர்ப்பதே நல்லது. ஆல்கஹாலில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என 2023-ல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. சர்க்கரை நோய் இருப்பவர்கள் பழச்சுவை ரகங்களின் லேபிளைக் கவனமாகப் படியுங்கள்.

குடியை விட்டு மீண்டுகொண்டிருக்கும் நண்பர் குழுவில் இருந்தால், ‘இதுல ஒண்ணும் இல்ல மச்சி, குடி’ என்று நீட்டாதீர்கள். ஆல்கஹால் இல்லாவிட்டாலும் அந்த வாசனையும் நுரையும் பழைய ஏக்கத்தைக் கிளப்பிவிடக்கூடும். அவருக்கு உதவி தேவைப்பட்டால் போதை ஒழிப்புக்கான தேசிய உதவி எண் 14446. கட்டணம் கிடையாது.

மற்றபடி, போடிமெட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. டிரைவர் கையில் பாட்டில் இருந்தால், அதில் இரண்டு ஜீரோவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வண்டியில் ஏறுங்கள்.