தொட்டிலின் அடிக்குளிர்



பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 680 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்புத்தளையோ 1,400 மீட்டருக்கும் மேலே. 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 பாகை குறையும். டிசம்பர், ஜனவரியில் வடகீழ்ப் பருவமழையும் சேர்ந்துகொண்டால், தோட்டத்து லயங்களிலும் கடைவீதி வீடுகளிலும் கைப்பிள்ளைகள் படும் பாடு சொல்லி முடியாது.

அப்படியொரு நாளில், என்னிடம் ஓதும் பிள்ளையொன்றின் தாய் கேட்டார்: "ஹஸ்ரத், மூணு போர்வை போத்தியும் தொட்டில்ல கிடக்கிற பிள்ளைட முதுகு ஐஸ் மாதிரி இரிக்குதே, ஏன்?"

காரணம் எளியது. நம்மைச் சூடாக வைப்பது துணியல்ல. துணிக்குள் அசையாமல் நிற்கும் காற்று. பிள்ளையின் பாரத்தால் முதுகுக்குக் கீழே உள்ள துணி நசுங்கி, அந்தக் காற்று வெளியேறிவிடுகிறது. அந்தரத்தில் தொங்கும் சேலைக்கு அடியிலோ குளிர்காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. மேலே எத்தனை போர்வை போட்டாலும் கீழே போகும் சூட்டை அது தடுக்காது.

ஆகவே, தடுப்பு தொட்டிலுக்கு வெளியே, அடியில் இருக்க வேண்டும். பழைய சேலையில் பை தைத்து, இலவம்பஞ்சை நெருக்காமல் அடைத்து, வாயை நன்றாகத் தைத்துவிடுங்கள். அதைத் தொட்டிலின் முதுகுப்புறத்தில், நசுங்காதபடி சற்றுத் தளர்வாகக் கட்டுங்கள். பஞ்சு இல்லையா? பழைய கம்பளித் துண்டுகளோ, நன்கு காய்ந்த வைக்கோலோ போதும். ஈரமானால் பயனில்லை, வெயில் கண்டதும் உலர்த்துங்கள். பஞ்சும் வைக்கோலும் சட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பங்கரையில் தொட்டில் கட்டாதீர்கள்.

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 80ஆம் வசனம், கால்நடைகளின் கம்பளியையும் உரோமத்தையும் அல்லாஹ்வின் அருட்கொடைகளில் எண்ணுகிறது. அருட்கொடையை அறிவோடு பயன்படுத்துவதே நன்றி.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். தொட்டிலுக்குள் தலையணை, பஞ்சு, கனத்த போர்வை எதுவும் வேண்டாம், மூச்சை அடைத்துவிடும். சேலைத் தொட்டிலில் சின்னப் பிள்ளையின் தாடை நெஞ்சில் மடங்கியும் மூச்சுத் தடைபடலாம். ஆகையால், தூங்கியதும் உங்கள் அருகே சமமான, கெட்டியான தும்பு மெத்தையில் மல்லாக்கக் கிடத்துவதே பாதுகாப்பு. பிடரியைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்திருந்தால் உடுப்பைக் குறையுங்கள். கதவடைத்த அறையில் கரிச்சட்டி வைக்கவே கூடாது. அதன் நச்சுப்புகை உயிரைப் பறித்துவிடும்.

வல்ல நாயன் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக! ஆமீன்.