கணிப்பொறி உள்ளே விடாதபோது

ஜரிகை இருப்பையும் நெசவுக் கூலியையும் கணிப்பொறியில் பதியும் ஓரிக்கை அங்கத்தினர் இதனை அறிதல் வேண்டும். கடவுச்சொல் சரியாயிருந்தும் விண்டோஸ் சில வேளை உள்ளே விடாது; அன்றித் தற்காலிகப் புரொபைல் ஒன்றை வெறுமையாகக் காட்டும். ஏடுகள் அழிந்தன என்று அஞ்ச வேண்டா. பயனரின் அமைப்புகளைத் தாங்கும் ‘என்டியூசர்.டாட்’ என்னும் கோப்பு, திடீர் மின்தடையாலோ வட்டுப் பழுதாலோ சிதைந்திருக்கலாம். ஏடுகளோ பெரும்பாலும் ‘யூசர்ஸ்’ அடைவில் பழைய பெயரிலேயே கிடக்கும்.

தற்காலிகப் புரொபைலில் மட்டும் எதையும் எழுதிச் சேமித்தல் ஆகாது. வெளியேறியதும் அது நீங்கிவிடும்; அன்றைய கூலிப் பட்டியலை யாரிடம் போய்க் கேட்பது!

முதலில் பொறியை மறுபடி இயக்கிப் பார்க்க. தீராதாயின், நிர்வாகி உரிமையுள்ள வேறொரு பெயரில் நுழைந்து, புதிய பயனர் பெயர் தொடங்கி, பழைய கோப்புகளை அங்கே படியெடுக்க. ‘என்டியூசர்’ எனத் தொடங்குவனவற்றைத் தொடற்க. யாவும் வந்து சேர்ந்தமை கண்ட பின்னரே பழைய பெயரை நீக்குக.