கேட்காமல் வந்த ஆறு எண்கள்



நாம் எதையும் கேட்கவில்லை. ஆனால் ‘உங்கள் ஓடிபி இது’ என்று ஆறு இலக்க எண் ஒன்று போனில் வந்து நிற்கிறது. சிலர் பயந்து போய் அதிலுள்ள லிங்கைத் தட்டுகிறார்கள். சிலர் ‘ஏதோ கம்பெனி மெசேஜ்’ என்று அழித்துவிட்டுத் தூங்கப் போகிறார்கள். இரண்டுமே தப்பு. ஏன் என்று பார்ப்போமா?

ஓடிபி எதற்கு?

பாஸ்வேர்டு நமக்குத் தெரிந்த விஷயம். சிம் நம் கையில் இருக்கும் பொருள். திருடனுக்கு முதலாவது கிடைத்தாலும் இரண்டாவது கிடைக்கக் கூடாது. இவ்வளவுதான் தத்துவம். இதனால்தான், இணையத்தில் கார்டு மூலம் பணம் கட்ட, கார்டில் அச்சிட்ட விவரம் மட்டும் போதாது, இன்னொரு சரிபார்ப்பும் வேண்டும் என்று 2009 ஆகஸ்டு முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது.

ஆறு இலக்கம் என்றால் மொத்தம் 10 லட்சம் எண்கள். ஐந்து முறைதான் முயலலாம் என்று சர்வர் தடுத்தால், குருட்டாம்போக்கில் திறக்கும் வாய்ப்பு 2 லட்சத்தில் ஒன்று. அதனால் திருடன் கணக்குப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. நேரே நம்மையே கேட்டு விடுகிறான்!

பியூஸ் சொல்லும் பாடம்

பியூஸ் போனால் எலக்ட்ரிகல் பிரிவு நண்பன் என்ன செய்வான்? வெறுமனே கம்பியை மாற்ற மாட்டான். லைனில் எங்கே ஃபால்ட் என்று தேடுவான். கேட்காமல் வந்த ஓடிபியும் அப்படித்தான். அது வந்ததாலேயே கணக்கு போய்விட்டது என்று அர்த்தமில்லை. பூட்டு இன்னும் தாங்குகிறது. ஆனால் வாசலில் யாரோ நிற்கிறார்கள்.

யார் என்று தெரிய மெசேஜை முழுசாகப் படியுங்கள். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

1. யாரோ தன் நம்பருக்குப் பதில் நம் நம்பரைத் தவறாக அடித்திருக்கலாம். ஒரு தடவையோடு நின்றுவிடும்.

2. ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டது’ என்பதை யாரோ அழுத்தியிருக்கலாம், அல்லது நம் நம்பரில் வாட்ஸ்அப்பைத் திறக்கப் பார்க்கலாம். இதற்கு நம் நம்பரோ ஈமெயில் முகவரியோ தெரிந்தால் போதும்.

3. பாஸ்வேர்டு கொடுத்த பிறகுதான் ஓடிபி வரும் கணக்கு என்றால், கவனம்! பாஸ்வேர்டு ஏற்கெனவே அவன் கையில் இருக்கலாம். உடனே மாற்ற வேண்டும்.

ஊபரில் நடந்தது

2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்தின் ஒப்பந்த ஊழியர் ஒருவரின் பாஸ்வேர்டு திருடன் கையில் கிடைத்தது. அவன் உள்ளே நுழைய முயன்றபோதெல்லாம் ‘அனுமதிக்கலாமா?’ என்று ஊழியர் போனில் கேள்வி வந்தது. முதலில் கதவு திறக்கவில்லை. திரும்பத் திரும்ப வந்ததில் கடைசியாக ஒரு முறை சம்மதம் கொடுத்துவிட்டார். திருடன் உள்ளே! இவ்வளவு பெரிய கம்பெனியிலேயே ஒரு சம்மதத்தில் காரியம் முடிந்தது என்றால் நாமெல்லாம் எம்மாத்திரம்?

நம்மிடம் அந்தக் கேள்வி வேறு வேஷத்தில் வரும். ‘மச்சி, தெரியாம உன் நம்பருக்கு ஒரு கோடு அனுப்பிட்டேன், சொல்லுடா’ என்று நண்பனின் வாட்ஸ்அப்பிலிருந்தே வரும். நண்பனின் கணக்கு அதற்கு முன்பே திருடு போயிருக்கும். சொன்னால் அடுத்தது நம் கணக்கு, பிறகு வகுப்பு குரூப் முழுவதும். வேலை வாங்கித் தருகிறேன், ஸ்காலர்ஷிப் ஏற்றி விடுகிறேன் என்று யார் கேட்டாலும் பதில் ஒன்றுதான்: சொல்ல மாட்டேன்.

செய்ய வேண்டியவை

• மெசேஜில் உள்ள லிங்கையோ போன் நம்பரையோ தொடாதீர்கள். ஆப்பை நீங்களே திறந்து பாருங்கள்.

• பாஸ்வேர்டை மாற்றுங்கள். அதே பாஸ்வேர்டு வேறு எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கேயும் மாற்றுங்கள். முதலில் ஈமெயில், மற்ற கணக்குகளுக்கெல்லாம் சாவி அங்கேதான் இருக்கிறது.

• எந்தெந்தக் கருவியில் கணக்கு திறந்திருக்கிறது என்று செட்டிங்ஸில் பாருங்கள். தெரியாததை வெளியேற்றுங்கள். லேப் கம்ப்யூட்டரில் திறந்து வைத்துவிட்டு வந்ததும் இதில் அகப்படும்.

• வாட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போடுங்கள். எஸ்.எம்.எஸ். கோடு கிடைத்தாலும் உங்கள் ரகசிய எண் இல்லாமல் அவனால் நுழைய முடியாது.

• முடிந்த இடங்களில் ஆதென்டிகேட்டர் ஆப்பைப் பயன்படுத்துங்கள். ஆப்பிடமும் சர்வரிடமும் ஒரே ரகசியச் சாவி இருக்கும். அதோடு நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, பெரும்பாலும் 30 வினாடிக்கு ஒரு புது எண் தரும். உங்கள் பெயரில் டூப்ளிகேட் சிம் வாங்கியவனுக்கும் அது போகாது. ஆனால் அந்த எண்ணையும் யாரிடமும் சொல்லக் கூடாது.

பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லுங்கள். 2017-ல் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கை, ரகசிய எண்ணை நாமே சொல்லிப் போன பணத்துக்கு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை நாமே பொறுப்பு என்றது. ஆகவே ஒவ்வொரு நிமிஷமும் பணம்தான்.

நண்பர்களே, டிப்ளமோ படிக்கிற நமக்கு இதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலை. ஆனால் நம்மில் பலருக்கு ஃபீஸ் கட்டுகிற பணம் இருப்பது அம்மா அப்பாவின் கணக்கில். ஓடிபி வருவதும் அவர்கள் போனில். இந்த லீவில் ஊருக்குப் போனதும் முதல் வேலையாக அந்தப் போனை வாங்கி இதையெல்லாம் செய்து கொடுங்கள். ‘யார் கேட்டாலும் நம்பர் சொல்லாதம்மா, நானே போன் பண்ணிக் கேட்டாலும் சொல்லாத’ என்று சொல்லி வையுங்கள்.

வருமுன் காப்போம்!